உறையில் இல்லாத முகம்

எண்பத்தாறாம் வருடக் கோடையில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் தெருக்களில் எந்தக் காரின் ஜன்னலைக் கடந்தாலும் மிக்டாலியாவின் குரல்தான். ஸ்பானிஷ் பேசும் வீட்டுப் பெண் அவள்; ஆங்கிலத்தில் பாடிய முதல் பாட்டு அது. வயது இருபது. அழகு நிலையம் ஒன்றில் தலை கழுவிவிடும் வேலை. நுரையோடு சாய்ந்திருக்கும் பெண்கள் அந்தப் பாட்டை அவளிடமே பாடிக் காட்டினார்கள்.

"நான்தான் பாடினேன்" என்றால், "ஆமாடி, நான்தான் ஜனாதிபதி பெண்டாட்டி" என்று சிரித்தார்கள்.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. இசைத்தட்டின் உறையில் சிரித்தவள் யாரோ ஒரு பொன்முடிக்காரி. பெயரும் வெறும் 'டாலியா'.

உறையைப் பார்த்த அன்றே மிக்டாலியா தயாரிப்பாளர் வின்னியிடம் போய் நின்றாள்.

"யாருங்க இது?"

"மாடல், கண்ணு. சும்மா ஒரு படம்."

"பாடினது நான். என் படம் எங்கே?"

"உன் மூஞ்சியைப் போட்டா கடைக்காரன் ஸ்பானிஷ் பாட்டுங்களோட சேத்து வச்சிடுவான். ரேடியோக்காரன் கேக்காமலே தூக்கி ஓரமா போடுவான். பாட்டு ஓடணுமா, வேணாமா?"

பாட்டு ஓடியது. அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல். அவர் சொன்னது பொய்யாகக்கூட இல்லையே.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு பிற்பகல், நியூ ஜெர்சியின் ஸ்கேட்டிங் கூடம் ஒன்றில் முதல் மேடை. சித்தி மகள் யமீரா தைத்துக் கொடுத்த சரிகை உடுப்போடு போனாள். வாசலில் கூடத்துக்காரர் மறித்தார்.

"ஆடுற பொண்ணுங்க பின்வாசல். டாலியா எப்ப வர்றாங்க?"

"நான்தான்."

அவர் பொன்முடிக்காரி சிரித்த சுவரொட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "விளையாடாதம்மா."

வின்னி ஓடிவந்து அவர் காதில் ஏதோ சொன்னார். பிறகு இவளிடம், "ஒண்ணும் கவலைப்படாதே. வெளிச்சத்தைக் குறைக்கச் சொல்லிட்டேன், புகையும் விடுவாங்க. தட்டு ஓடும், நீ வாயசைச்சா போதும். யாருக்கும் சரியாத் தெரியாது" என்றார்.

தெரியாது! ஏதோ ஆறுதல் சொல்வதுபோல் சொன்னார்.

புகை எழுந்தது, பாட்டு தொடங்கியது. மிக்டாலியா உதட்டை இறுக மூடிக்கொண்டு நின்றாள். ஒலிபெருக்கியில் அவள் குரல் பாடிக்கொண்டிருந்தது. "டாலியா எங்கே? ஏமாத்துறாங்க!" என்று கூட்டம் ஊளையிட்டது. அவள் நேராகத் தட்டு போடுகிறவனிடம் போனாள்.

"திருப்பிப் போடு. அந்தப் பக்கம் வெறும் இசைதான். புகையை நிறுத்து, எல்லா லைட்டையும் போடு."

பாடினாள். ஆத்திரத்தில் நடுவே குரல் பிசிறியது, நிறுத்தவில்லை. சக்கரக் காலணிகளோடு பெண்கள் கம்பி ஓரம் வந்து குவிந்தார்கள். "அவளேதான்டி! அதே குரல்!" என்று ஒருத்தி கத்தினாள்.

முடிந்ததும் கையெழுத்துக்கு உறைகளை நீட்டினார்கள். பொன்முடிக்காரியின் முகத்தின் குறுக்கே தடித்த கறுப்புப் பேனாவால் 'மிக்டாலியா சின்ட்ரோன்' என்று முழுப்பெயரையும் எழுதினாள்.

"சரக்கைப் பாழாக்குறியே!" என்றார் வின்னி.

"பாழாக்கினது நானா?"

அந்தப் பெண்கள் ரேடியோவுக்குத் தொலைபேசியில் பேசிப் பேசியே விஷயத்தைப் பரப்பினார்கள். வேறு வழியில்லாமல் கம்பெனி புது உறை அச்சிட்டது. அவள் படம்தான். ஆனால் மாநிறத்தைப் பால்போல் வெளுத்து, தலைமுடிக்கும் தேன்நிறம் பூசியிருந்தார்கள்.

"இப்ப என்ன குறை? உன் படம்தானே?" என்றார் வின்னி.

"எங்கம்மா பாத்துட்டு, 'இந்தப் பொண்ணுக்கு என்ன சீக்கு?'ன்னு கேட்டாங்க."

"சரி விடு. ரெண்டாவது பாட்டுக்கு மெட்டு ரெடி. வா."

"உனக்குப் பாடமாட்டேன்."

"ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டிருக்கே!"

"கேஸ் போடு. டாலியான்னு ஜட்ஜுகிட்ட எந்த மூஞ்சியைக் காட்டுறதுன்னு முதல்ல முடிவு பண்ணிக்கோ."

வின்னி வழக்குப் போடவில்லை. அடுத்த பாட்டை அவள் வேறொரு சின்னக் கம்பெனிக்கு, உறையில் தன் நிஜ முகத்தோடு பாடினாள். அது அவ்வளவாக ஓடவில்லை.