சுத்தமாக முடிந்த கோப்பு

"வித்த பெட்டி எல்லாத்தையும் திரும்ப வாங்குங்க சார். தப்பு நம்மளோடதுன்னு எழுதிக் குடுங்க" என்றாள் பாக்யா.

வேலைக்குச் சேர்ந்த அன்றே பாக்யஸ்ரீ தளவாரிடம், அவளுக்கு மூத்த நிரலாளன் விநாயக் சொல்லியிருந்தான்: முதலாளி இனாம்தாரிடம் எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்காதே. கொதிகலனின் அழுத்தத்தைப் பதிகிற பெட்டி செய்யும் அந்த ஹுப்பள்ளிக் கம்பெனியில் அது கெட்ட வார்த்தை.

இனாம்தார் மிர்ச்சி பஜ்ஜியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். "ஏம்மா, உங்கப்பா மார்க்கெட்ல மூட்டை தூக்குறவர்தானே? உங்க வீட்டுல காலேஜ் வாசலப் பாத்தவளே நீ ஒருத்திதான். அதக் காப்பாத்திக்கோ."

"இறக்காத மூட்டைய இறக்கிட்டேன்னு எங்கப்பா சொன்னதில்ல சார். நம்ம பெட்டி சொல்லுது."

பாகல்கோட் பக்கம் ஒரு சர்க்கரை ஆலையில் கொதிகலன் வெடித்து யமனப்பா என்ற தொழிலாளி செத்துப்போனான். வெடிப்புக்கு ஏழு நிமிஷம் முன்பே, அழுத்தம் சரியாக இருக்கும்போதே, பதிவு நின்றிருந்தது. கோப்பு எங்கும் அறுபடாமல் சுத்தமாக முடிந்திருந்ததால், அவன்தான் பெட்டியை அணைத்துவிட்டு ஏதோ செய்திருக்கிறான் என்றது ஆலை.

அவன் அணைக்கவில்லை என்று பாக்யாவுக்குத் தெரியும். சி மொழியில் நிரல் ஓர் அளவைக் கோப்பில் எழுதச் சொன்ன கையோடு எழுதியாச்சு என்று பதில் வந்துவிடும். ஆனால் அளவுகள் மெமரி கார்டுக்குப் போயிருக்காது. பஃபர் என்கிற தற்காலிக இடம் நிறையும்வரை நினைவகத்திலேயே உட்கார்ந்திருக்கும். மின்சாரம் போனால் அவையும் போச்சு; வெடிப்பில் அதுதான் நடந்தது. ஓர் அளவுக்குப் பதினாறு பைட், பஃபருக்கு நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு, மிச்சமில்லாமல் வகுபடும். கோப்பின் சுத்தம் அப்படி வந்தது. ஒவ்வொரு அளவையும் உடனே கார்டுக்குத் தள்ளுகிற வரியை அவள் எழுதித்தான் இருந்தாள். கார்டு சீக்கிரம் தேய்கிறது என்று விநாயக் அதை எடுத்துவிட்டான்.

"நாளைக்கு விசாரணை. அவன் பொண்டாட்டிய நிக்கவெச்சு, எல்லாம் உன் புருஷன் பண்ணினதுன்னு சொல்லப் போறாங்க."

"வாயால சொன்னா யாரு நம்புவா? செஞ்சு காட்டு" என்றார் இனாம்தார்.

மேஜைமேல் ஓடிக்கொண்டிருந்த சோதனைப் பெட்டியின் ஒயரைப் படக்கென்று பிடுங்கினாள். கார்டை எடுத்துக் கம்ப்யூட்டரில் செருகிக் கோப்பைத் திறந்தாள். ஒயரைப் பிடுங்கிய நொடிவரை எல்லா அளவும் இருந்தது. மறுபடி ஓடவிட்டுப் பிடுங்கினாள். அப்போதும் இருந்தது.

பக்கத்தில் நின்ற விநாயக் தரையைப் பார்த்தான். "உன் வரியத்தான் திரும்பப் போட்டுட்டேன் தாயி. வெளிய இருக்கிற அத்தன பெட்டிக்கும் புது நிரல் போயாச்சு. பழசு எங்கயும் இல்ல."

"அழிச்சுட்டியா விநாயக்கண்ணா?"

இனாம்தார் விரல் எண்ணெயைத் துடைத்தார். "நீ கேட்டதவிட நல்லாவே நடந்திருக்கு. இனிமே எவன் அளவும் தொலையாது."

"யமனப்பாவோடது?"

"பெட்டி ஒழுங்காத்தான் எழுதுது, நீயே ரெண்டு தடவ பாத்தே. பதிவு முழுசுன்னு கையெழுத்துப் போடு, போதும்."

அந்த ஏழு நிமிஷத்தை விழுங்கிய நிரல் இனி உலகத்தில் எங்கும் இல்லை. இனி எந்தப் பெட்டியும் அவள் பக்கம் பேசாது. அவள் பையைத் தோளில் மாட்டினாள்.

"எங்க கிளம்பிட்டே? அங்க போய் எதக் காட்டுவே?"

"காட்ட என்ன சார் மிச்சம் வெச்சீங்க? சொல்லத்தான் போறேன்."

"பைத்தியம்னுவாங்க."

"சொல்லட்டும்."

கதவைத் தள்ளியபோது முதுகுக்குப் பின்னால், அவளுக்குப் பதில் கையெழுத்துப் போட விநாயக் பேனா கேட்பது காதில் விழுந்தது. அவள் நிற்கவில்லை. பாகல்கோட் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.