அறுபதுக்கு மேல்

"நீயே கொண்டுபோய்க் கழுவிட்டு வந்துடும்மா. எனக்கு மனசு வரல" என்று கார் சாவியைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டு, அவர் தன் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் பஸ்ஸில் போய்விட்டார். சாயங்காலம் காரை வாங்கிக்கொள்ள ஆள் வருகிறார். விற்றுத் தொலையுங்கள் என்று மூன்று வருஷமாக அவரை அரித்தெடுத்தவள் அவர் மனைவி, டீச்சர்தான். இன்றைக்குப் பள்ளி விடுமுறை. தட்டிக்கழிக்கச் சாக்கும் இல்லை.

ஐம்பது வயது வரைக்கும் அடுத்தவர் கண்ணுக்கே லென்ஸ் மாட்டிக்கொண்டிருந்த மனுஷர், தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கியது அந்த ஒரு சிவப்புக் காரைத்தான். கிளப்பினால் அடிவயிறு அதிரும். வாங்கிய புதிதில் ஒருநாள் பைபாஸில் கொஞ்சம் மிதித்துவிட்டார். பக்கத்தில் இருந்தவள் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதே விட்டாள். "இனிமே அறுபதத் தாண்டமாட்டேன்னு வாக்குக் குடுங்க" என்றாள். கொடுத்தார். அதோடு சரி. வீட்டிலிருந்து கடை, கடையிலிருந்து வீடு என்று நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தது வண்டி. "பால் வேன்கூட நம்மளத் தாண்டிப் போகுது. இதுக்கா இவ்ளோ பெரிய இன்ஜின்?" என்று சொந்தக்காரர்கள் முன்னாலேயே நக்கலடிப்பாள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

கழுவி எடுத்துக்கொண்டு திரும்பும்போது பைபாஸ் வெறிச்சோடிக் கிடந்தது. ஒரே ஒரு தடவை, என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிடலாமே என்று தோன்றியது. மிதித்தாள். முதுகை யாரோ இருக்கையோடு சேர்த்து அழுத்தியது போலிருந்தது. முள் நூறைத் தாண்டி, நூற்று ஐம்பதையும் தாண்டியது. வண்டி துளிகூட அலுங்கவில்லை. இத்தனை நாளும் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது இப்போதுதான் வாய் திறந்து பாடுவது போல் இருந்தது. டீச்சர் தன்னை மறந்து சத்தமாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு தன் காதிலேயே விழுந்தபோதுதான் சுருக்கென்றது. ஒரு மரத்தடியில் ஓரங்கட்டினாள். உபயோகமில்லாத வண்டி என்று ஊரெல்லாம் சொன்னாளே, அதைக் கட்டிப்போட்டது யார்? இவ்வளவையும் காலடியில் வைத்துக்கொண்டு, தனியாகப் போகும்போதுகூட அந்த மனுஷர் வாக்குத் தவறவில்லையே.

இன்றைக்கே சொல்லிவிட வேண்டும், விற்க வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் வந்தாள். ஆனால் வாசலில் அவர் முன்னமே வந்து நின்றிருந்தார், கூடவே வாங்குகிற ஆளும். அவள் வண்டியை நிறுத்திவிட்டுப் படியேறி நின்றாள்.

"எவ்ளோ வரைக்கும் போகும் சார்?" என்று கேட்டார் வந்தவர், காரைச் சுற்றி வந்தபடி.

"தெரியலயே தம்பி. நான் அறுபதுக்கு மேல போனதில்ல."

"இத வெச்சுக்கிட்டா?"

அவர் இப்போதுதான் கழுவி வந்த காரின் முன்பக்கம் குனிந்தவர், அப்படியே நின்றார். விளக்குக் கண்ணாடியில் நாலைந்து பூச்சிகள் அடிபட்டு நசுங்கி ஒட்டியிருந்தன. மெல்ல ஓட்டினால் அப்படி ஒட்டாது. நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தார். அவள் படியிலேயே நின்றாள். அவர் சட்டைப் பையிலிருந்து, கடையில் லென்ஸ் துடைக்கும் துணியை எடுத்தார். வந்தவர் இந்தப் பக்கம் வருவதற்குள் ஒவ்வொன்றாக, கீறல் விழாமல், துடைக்க ஆரம்பித்தார்.