ஆறாம் எண் மீன்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த இடம் வடலூர் பேருந்து நிலையம். 2018 மே மாதம், பட்டப்பகல். ஒருவர் சொன்ன ஒரே ஒரு வாக்கியத்தைக் கேட்டு, கையிலிருந்த டீயை என் சட்டையிலேயே கொட்டிக்கொண்டேன். சூடு உறைக்கவில்லை ஐயா, உறைக்கவே இல்லை! அந்த வாக்கியத்தை இப்போதே சொல்லிவிட்டால் நீங்கள் வேறு பக்கத்துக்குப் போய்விடுவீர்கள். அதனால் வரிசையாகச் சொல்கிறேன்.

என் பெயர் சைமன்ராஜ். மனைவிக்கு நிலக்கரி நிறுவனத்தில் பர்மனென்ட் வேலை என்பதால் நெய்வேலி குவார்ட்டர்ஸில் வாசம். நான் வெளியே ஒரு கல்லூரியில் விலங்கியல் வாத்தியார். லீவு நாளில் கதை எழுதுவேன். இந்தக் கதைக்கு இதுவரை எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

கண்ணில்லாத மீனொன்று முதன்முதலாக வெளிச்சத்தைக் கண்ட— (கண்ணில்லாதது எப்படிக் காணும்? அடித்தாயிற்று.)

வைத்திலிங்கம் படிக்காதவர். அவருடைய அறியாமையால் ஓர் அரிய— (இதை அடித்த வேகத்தில் தாளே கிழிந்தது. காரணம் பின்னால் வரும்.)

2

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிறது. இடைவிடாமல் இறைக்காவிட்டால் சுரங்கம் மூழ்கிவிடும். இறைத்த தண்ணீர் வாய்க்காலில் விழுகிற இடத்தில் ஒரு கம்பி வலை. அதில் சேரும் குப்பையை வாருவது வைத்திலிங்கத்தின் வேலை. குள்ளஞ்சாவடிக்காரர். இருபத்திரண்டு வருடமாக காண்ட்ராக்ட். கழுத்தில் தொங்கும் பாஸில்கூட காண்ட்ராக்டர் பெயர்தான் பெரிதாக இருக்கும். இவர் பெயரை உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

அவருடைய மகள் பொற்கொடி என்னிடம் எம்.ஃபில். செய்துகொண்டிருந்தாள். 2014-இல் ஒருநாள் அவர் ஊறுகாய் பாட்டிலும் கையுமாகக் கல்லூரிக்கே வந்துவிட்டார்.

"சார், வலையில மாட்டிக்கினு இருந்துச்சுங்க. கண்ணே இல்லீங்க இதுங்களுக்கு. நானும் திருப்பித் திருப்பித் தேடிக்கினே இருக்கேன், காணும்."

ஒன்பது மீன்கள். விரல் நீளம்கூட இல்லாத குஞ்சுகள், வெளிறிய ரோஸ் நிறம். கண் இருக்க வேண்டிய இடத்தில் வழவழவென்று தோல். எனக்குப் புல்லரித்துவிட்டது.

(மீனின் அடையாளங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். தேடிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள்.)

3

"ஒன்பதும் ஒரே இனம்தான்" என்றேன், பார்த்த மாத்திரத்தில். வாத்தியார் அல்லவா!

பொற்கொடிதான் இழுத்தாள். "குவிப் பரிணாமமா இருந்தா சார்?"

அது வேறொன்றுமில்லை. வேறு வேறு வம்சத்தில் வந்த உயிர்கள் ஒரே மாதிரி இடத்தில் வெகுகாலம் பிழைத்தால், உருவமும் ஒன்றுபோல ஆகிவிடும். நிலத்தடி இருட்டுத் தண்ணீருக்குள் எந்த மீன் போய்த் தங்கினாலும் கண் போகும், நிறம் போகும், உடம்பு ஒடுங்கும். ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்பவர்களைப் பாருங்கள். தூசி படிந்த முகங்களில் யார் பர்மனென்ட், யார் காண்ட்ராக்ட் என்று சொல்ல முடியாது, பாஸைப் பார்த்தால்தான் தெரியும். மீனுக்கு மரபணுதான் பாஸ்.

ஒவ்வொரு மீனிலும் துளி துடுப்பை வெட்டிக் கேரளத்து ஆய்வுக்கூடம் ஒன்றுக்கு அனுப்புவது, உடலை அழுகாமலிருக்க ஃபார்மலினில் போட்டு வைப்பது என்று முடிவானது. எந்தத் துடுப்பு எந்த மீனுடையது என்று தெரிய எண் வேண்டும். காகிதச் சீட்டு ஊறிப்போகுமே என்று யோசித்தபோது வைத்திலிங்கம் ஒன்பது பழைய டோக்கன்களைக் கொண்டுவந்தார். ஷிப்டுக்குள் போகும்போது வாங்கிக்கொண்டு, வேலை முடிந்ததும் பலகையில் திரும்ப மாட்டிவிட வேண்டிய எண் வில்லைகள். புதுசு வந்ததால் தூக்கிப் போட்டவை. நூலில் கோத்து வாலில் கட்டினோம். மீனைவிட டோக்கன் பெரிதாகத் தெரிந்தது. மூவரும் சிரித்தோம்.

"புது இனமா இருந்தா உன் பேருதாம்ப்பா வெப்பேன். லத்தீன்ல வைத்திலிங்கமி" என்றாள் பொற்கொடி.

"ஏம் பேரா? மீனுக்கா? போ பாப்பா!" என்றவர், மறுநாள் ஷிப்டில் ஒருத்தர் விடாமல் சொல்லிவிட்டாராம்.

ஆய்வகத்துக்கு அந்த வாரம் வெள்ளையடிப்பு. பாட்டில் வைத்திலிங்கம் வீட்டுக்குப் போனது. பொற்கொடி துடுப்புக் குப்பிகளோடு ரயிலேறினாள்.

4

மூன்று வாரம் கழித்து கேரளத்திலிருந்து போனில் கத்தினாள்: "சார்! மத்த எட்டும் தெரிஞ்ச மீனுதான். ஆறாம் நம்பர் வேற சார்! ஆறு எதோடயும் சேரல! அது தனி வம்சம்!"

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரே மாதிரி ஒன்பது. அதில் உலகம் பார்க்காத ஒன்று! அடுத்த நாளே, அவள் ரயிலிறங்கியதும், இருவரும் குள்ளஞ்சாவடிக்கு ஓடினோம்.

பாட்டிலில் ஒன்பது மீன்களும் பத்திரமாக இருந்தன. ஒன்றிலும் டோக்கன் இல்லை.

சுவரில் ஒரு பலகை. ஒன்பது ஆணி. ஒன்று முதல் ஒன்பது வரை டோக்கன்கள், துடைத்துப் பளபளவென்று, வரிசையாக.

"வேலை முடிஞ்சிட்டா டோக்கனைத் திருப்பி மாட்டிடணும்ல பாப்பா" என்றார் வைத்திலிங்கம், சிரித்த முகமாக.

ஐயோ! பொற்கொடி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒரு பெயரைப் பதிய வேண்டுமென்றால் இந்த உடல்தான் என்று ஒரு மீனைக் காட்ட வேண்டும். எதைக் காட்டுவது? ஃபார்மலினில் ஊறிய உடலில் மரபணு தேறவில்லை. எலும்பை எண்ணலாமே என்பீர்கள். குஞ்சுகள் ஐயா, எலும்பே முற்றவில்லை. தண்ணீர் இறைக்கும் பம்பையும் அதற்குள் வேறு பக்கம் மாற்றிவிட்டார்கள். அதன்பின் வலையில் ஒன்றுகூட விழவில்லை.

"உன்னை யாருப்பா தொடச் சொன்னது? உனக்கு இன்னா தெரியும்?" என்று கேட்டாள். அவர் என்னை மட்டும் ஒருதரம் பார்த்தார். அன்றோடு மகள் அப்பாவிடம் பேச்சை நிறுத்தியவள்தான். பட்டம் வாங்கி, சென்னையில் வேலைக்குப் போய், நாலு வருடம் ஆயிற்று. அம்மாவுக்கு மட்டும் போன் செய்கிறாள்.

5

இந்த இடத்தில் முதல் மூன்று வரைவுகளிலும் கருணாகரன் என்றொரு ஆய்வக உதவியாளர் வருவார். அவர்தான் வைத்திலிங்கத்திடம் டோக்கனை அவிழ்க்கச் சொல்வார். மீசையெல்லாம் வைத்து நன்றாகவே எழுதியிருந்தேன்.

கருணாகரன் என்று யாரும் கிடையாது. சொன்னவன் நான்.

பொற்கொடி ரயிலேறிய அன்று சாயங்காலம் வைத்திலிங்கம் எனக்கு போன் செய்தார். டிவியில் கிரிக்கெட். "சார், இதுங்க வேலை முடிஞ்சிடுச்சுங்களா? டோக்கனை எடுத்துடலாங்களா?" என்றார். "முடிஞ்சுது, முடிஞ்சுது, எடுத்துடுங்க" என்றேன். காதில் வாங்காமலே சொன்னேன். அவ்வளவுதான். அதைப் பிறகு நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பெண் அழுதபோது பக்கத்தில் நின்று ஆறுதல் வேறு சொன்னேன். த்தூ!

போன மே மாதம் வடலூரில் அவரே என்னைப் பார்த்துவிட்டு வந்து டீ வாங்கிக் கொடுத்தார். பொறுக்க முடியாமல் கேட்டேன்: "சார்தான் சொன்னார்னு அன்னைக்கே அவகிட்ட சொல்லியிருக்கலாமே வைத்திலிங்கம்? ஏன் சொல்லல?"

"எப்பிடிங்க சார் சொல்றது? அவ புக்குல நீங்க கையெழுத்துப் போடணுமே."

 டீ அப்போதுதான் கொட்டியது. அவளுடைய எம்.ஃபில். ஆய்வேட்டுக்கு என் கையெழுத்து கிடைக்காமல் போய்விடுமோ என்று, பெற்ற மகளை நாலு வருடம் விட்டுக்கொடுத்திருக்கிறார் அந்த மனிதர். நான் அப்படிப் பழி வாங்குகிற ஆள் என்று நினைத்திருக்கிறார். கோபம்கூட இல்லை அவர் குரலில்.

6

முடிவுகள்:

அ) ஆசிரியர் சென்னைக்குப் போய், மாணவியின் காலில்— (நாடகம்.)

ஆ) புதிய பம்பில் ஒரு கண்ணில்லாத மீன் சிக்குகிறது. அதற்கு— (பொய்.)

நடந்ததைச் சொல்கிறேன். நேரில் சொல்லத் தைரியமில்லாமல், ஐந்தாம் பகுதி வரை எழுதியதைப் பொற்கொடிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீலக் குறி விழுந்தது. இரண்டு நாள் பதில் இல்லை.  மூன்றாம் நாள் ஒரே வரி வந்தது:

"சார், எனக்கு மனசு நோகக் கூடாதுன்னு அப்பாவை நல்லவரா எழுதியிருக்கீங்களா, இல்ல அவர் நிஜமாவே அப்பிடிச் சொன்னாரா?"

 கருணாகரனுக்கு மீசை வைத்தவனை அவள் எதை வைத்து நம்புவாள்? நிஜம் என்று பதில் போட்டேன். சத்தியம் என்று இன்னொன்று போட்டேன். இரண்டுக்கும் நீலக் குறி விழுந்திருக்கிறது. அதற்குமேல் ஒன்றுமில்லை.

வைத்திலிங்கத்திடம் அவளுக்கு ஒரு போன் போடச் சொல்லலாம். ஆனால் அவர் கேட்கப்போவது எனக்குத் தெரியும்: நாம போட்டா பாப்பா எடுக்குங்களா சார்? 

ஐந்தாம் பகுதியை இன்னொருமுறை படித்துவிட்டுச் சொல்லுங்கள். அந்த வடலூர் வாக்கியத்தை நீங்கள் நம்பினீர்களா?