காலிப் பக்கம்

தேர்வு பத்து மணிக்கு. ஒன்பது நாற்பதுக்குத்தான் தேர்வுப் பிரிவில் வேலை பார்க்கும் சுமலதாவுக்குச் சுரீரென்று உறைத்தது. நேற்று பிழை பார்க்க எடுத்த வினாத்தாள் நகலை அவள் கிழிக்கிற மெஷினில் போடவில்லை. கவரைப்பேட்டையில் ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் நீலப் பெட்டியில் போட்டுவிட்டாள்.

நீலப் பெட்டி அந்தப் பல்கலைக்கழகத்தின் புதுப் பெருமை. ஒரு பக்கம் காலியாக உள்ள தாளெல்லாம் அதில் விழவேண்டும். துப்புரவுப் பணியாளர் ஞானம்மா அவற்றைத் தைத்து, ரஃப் நோட்டாக்கி நூலக மேசைகளில் வைப்பார். இப்போது அங்கே உட்கார்ந்து கடைசி நேரக் கணக்குப் போடுகிறவர்கள் யார்? அதே தேர்வை எழுதப்போகும் பிள்ளைகள்!

"நகல் நீலப் பெட்டிக்குப் போயிருக்கும்போல சார்" என்று மட்டும் தேர்வு அதிகாரி ராஜமாணிக்கத்திடம் சொன்னாள். யார் போட்டது என்பதை விழுங்கிவிட்டாள். வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டே மாதம். அவர் ஞானம்மாவைக் கூப்பிட்டு எகிறினார்.

"இன்னா பேப்பர்னு பாக்கமாட்டியா நீ?"

"எழுதன பக்கத்த பாத்து எனக்கு இன்னா சார் தெரியும்? காலிப் பக்கத்தத்தான் பாப்பேன். நேத்து தச்சது ஆறு நோட்டு, செவப்பு நூலு. தெனம் ஒரு கலர்ல தைப்பேன்."

சுமலதாவும் ஞானம்மாவும் நூலகத்துக்கு ஓடினார்கள். சிவப்பு நூல் நோட்டு ஐந்து கிடைத்தன, எதிலும் நகல் இல்லை. ஆறாவது ஜன்னலோரம் ஒரு மாணவியிடம் இருந்தது. அவள் ஒரு பக்கத்தை நிரப்பிவிட்டுத் தாளைத் திருப்பப் போனாள். ஞானம்மா நோட்டை வெடுக்கென்று பிடுங்கினார்.

"வேற தரேன் கண்ணு."

அடுத்த தாள்தான் நகல்.

அலுவலகத்தில் ராஜமாணிக்கம் அதை வாங்கி அலமாரியில் பூட்டினார். கோபம் மட்டும் இறங்கவில்லை. "நாளையிலருந்து நீ வேலைக்கு வராத" என்றார் ஞானம்மாவிடம்.

ஞானம்மா சுமலதாவை ஒருதரம் பார்த்தார். நேற்று அவள் தாளைப் போட்டபோது துடைப்பத்தோடு பக்கத்தில் நின்றவர் அவர்தான். பார்த்திருக்கிறார், காட்டிக்கொடுக்கவில்லை. சுமலதாவுக்கு அவமானத்தில் காது சுட்டது.

"சார், பெட்டில போட்டது நான்தான்."

"எழுதிக் குடு! இப்பவே!" என்று அவர் கத்தினார்.

அவள் புதுத் தாள் கட்டைப் பிரிக்கப் போனாள். அதற்குள் ஞானம்மா நீலப் பெட்டியிலிருந்து ஒரு தாளை உருவித் திருப்பி அவள் முன்னால் வைத்தார்.

"இதுல எழுதும்மா. இந்தப் பக்கம் காலியாத்தான் கீது."