மூக்குக்கு ஏற்ற லென்ஸ்

தங்கச்சி தன் மூக்கை அறுத்துச் சின்னதாக்கத் தேதி வாங்கிவிட்டாள். திங்கட்கிழமை. நல்ல மூக்கு ஐயா அது! பிறந்ததிலிருந்து தன்பாட்டுக்கு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. இவள் கைக்குப் போன் வந்ததும் அதற்குச் சனி பிடித்தது. தன்னைத்தானே படம் எடுப்பதும், அதைப் பெரிதாக்கிப் பார்த்து அழுவதுமே வேலையாகிவிட்டது.

படம் எடுத்துப் பிழைக்கிற அக்கா வேண்டாமென்று தடுத்துப் பார்த்தாள். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

"நான் ஒரே ஒரு படம் எடுக்கிறேன். அதுவும் உனக்குப் பிடிக்கலைன்னா நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று வாயை விட்டுவிட்டாள். இனி படம் சொதப்பினால் மூக்கு அம்போதான்.

தங்கச்சியை ஜன்னலோரம் உட்காரவைத்தாள். முப்பத்தைந்து எம்.எம். லென்ஸைத் தொடக்கூட இல்லை. அதில் முகம் நிறைய வேண்டுமென்றால் கிட்டே போக வேண்டும். கிட்டே போனால் முதலில் வந்து நிற்பது மூக்குதான். எண்பத்தைந்து தேவலை, ஆனாலும் மனசு கேட்கவில்லை. தள்ளி நின்றே முகத்தைப் பிடிக்கிற நூற்று முப்பத்தைந்தை மாட்டினாள். அறையோ தீப்பெட்டி. பின்னால் நகர்ந்தால் சுவர் இடித்தது. கதவைத் திறந்து நடைக்குப் போனாள். அதுவும் போதாமல், முதுகு காட்டியபடியே எதிர்வீட்டுத் தையல்காரர் வீட்டுக்குள் நுழைந்தாள்.

"யாரும்மா அது, ரிவர்ஸ்ல வர்றது?"

"அண்ணே, மிஷினைக் கொஞ்சம் நகர்த்துங்க. ஒரு மூக்கைக் காப்பாத்தணும்!"

அவர் நகர்த்திவிட்டு எட்டிப் பார்த்தார். "அந்தப் பொண்ணு மூக்குக்கு என்னம்மா? லட்சணமாத்தானே இருக்கு!" என்று அங்கிருந்தே கத்தினார். தங்கச்சிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அக்கா விடுவாளா? கேமரா பொத்தானை அமுக்கிவிட்டாள்.

படத்தைப் பார்த்த தங்கச்சி அதையும் பெரிதாக்கி மூக்கை உற்றுப் பார்த்தாள். பிறகு, "லென்ஸைப் போட்டு ஏமாத்துறே" என்றாள்.

"ஏமாத்துனது உன் போனுடி! ஒரு முழத்துல வச்சு எடுத்தா யார் மூக்கா இருந்தாலும் பூதமாத்தான் தெரியும். அண்ணன் எங்கேருந்து உன்னைப் பாத்தாரு? நானும் அங்கேருந்துதான் எடுத்தேன். நாங்க எல்லாரும் உன்னை இப்படித்தான்டி பாக்குறோம்."

தங்கச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள்.

"திங்கட்கிழமை நான் வரலைங்க... இல்லைங்க, வேற தேதியும் வேண்டாம்."

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. ஜெயித்துவிட்டாளே! கட்டிப்பிடிக்கப் போனவளைத் தங்கச்சி தள்ளிவிட்டு, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பக்கவாட்டுல ஒண்ணு எடுக்கா. மூக்கு முழுசாத் தெரியணும்."