யன்னலடியில் ஒரு ராணி

பட்டினத்துக் கொட்டகையில் படம் முடிந்து வெளியே வந்தபோது பின்னேர வெயில் கண்ணைக் குத்தியது. செல்வநாயகி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மாட்டுவண்டில் நின்ற பூவரச மரத்தடிக்கு நடந்தாள். அவளுடைய கணவனின் தங்கை குணலட்சுமி மூக்கை உறிஞ்சியபடி பின்னால் வந்தாள். கொட்டகைக்குள் பெண்கள் பக்கத்து வாங்கில்களில் இருந்த எல்லோரும் அழுதிருந்தார்கள். செல்வநாயகி அழவில்லை. படத்தின் நடுவே இரண்டு பாட்டுகளுக்கு அவள் தூங்கியே போனாள்.

காரணம் இல்லாமல் இல்லை. உரும்பிராயில் கிணற்றுத் துலா மிதிக்கவும் கிடங்கு வெட்டவும் நின்ற ஆட்களெல்லாம் பலாலியில் விமானம் இறக்கும் தரை போடுகிற வேலைக்குப் போய்விட்டார்கள். சண்டைக் காலத்துக் கூலி தோட்டக்காரர்களுக்குக் கொடுத்துக் கட்டாது. ஆகவே புகையிலைக்குத் தண்ணீர் கட்டுவது செல்வநாயகியின் வேலையாயிற்று. ஒருநாள் விட்டு ஒருநாள் விடியமுன் எழும்பி, துலா மிதிக்க ஒரு கிழவரைக் கெஞ்சிக் கூட்டிவந்து, தானே ஓலைப் பட்டை பிடித்துத் தண்ணீர் இறைப்பாள். பிறகு சங்கக்கடையில் கூப்பன் அரிசிக்கு நிற்க வேண்டும். பிறகு சமையல், மாடு, விறகு. அன்று படத்துக்கு வரமாட்டேன் என்றுதான் முதலில் சொன்னாள். மாமியின் தமக்கை மகன் ஆழ்வாப்பிள்ளை, "ஒரு நாளைக்கெண்டாலும் வெளிக்கிடுங்கோ மச்சாள், உங்கடை முகத்தைப் பார்க்கேலாமல் கிடக்கு," என்று வண்டிலை வாசல் படலையடியில் கொண்டுவந்து நிறுத்திவிட்டான். அவனுடைய மனைவி நாகமுத்துவும் கூட வந்தாள்.

வண்டில் புறப்பட்டதும் கதையும் புறப்பட்டது.

"பாட்டுக்குக் குறைவில்லை," என்றான் ஆழ்வாப்பிள்ளை. "வாள் சண்டைதான் போதாது. ராசா போன குதிரையும் எதிரி வந்த குதிரையும் ஒரே குதிரை. நெத்தியிலை வெள்ளைச் சுட்டி கிடந்தது, கண்டனீங்களே?"

"உங்களுக்குக் குதிரைதான் கண்ணிலை பட்டுது," என்றாள் நாகமுத்து. "அந்த ராணியின்ரை அட்டியலைப் பார்த்தனீங்களே? நான் அதையே பார்த்துக்கொண்டிருந்திட்டன்."

குணலட்சுமிக்கு இன்னும் குரல் தெளியவில்லை. "பதினாலு வருசம்! அந்த யன்னலடியை விட்டு அசையாமல் இருந்தாளே. புருசன் திரும்பி வந்து 'நான்தான்' எண்டு சொல்லேக்கை எனக்கு நெஞ்சடைச்சுப் போச்சு. நீங்கள் என்ன மச்சாள் ஒண்டும் சொல்லாமல் வாறியள்?"

செல்வநாயகி வண்டில் கிராதியில் தலையைச் சாய்த்திருந்தாள். "என்னத்தைச் சொல்ல? பதினாலு வருசமாய் ஒரு வேலையும் செய்யாமல் யன்னலடியிலை இருந்து பாடினால் அந்த வீட்டிலை ஆர் உலை வைச்சது? ஆர் தண்ணி அள்ளினது? உவளுக்கு விசர். நானெண்டால் மூண்டாம் வருசத்தோடை விட்டிட்டு என்ரை பாட்டைப் பார்த்திருப்பன்."

ஆழ்வாப்பிள்ளை சிரித்தான். குணலட்சுமியும் மூக்கைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டாள். நாகமுத்து மட்டும் சிரிக்கவில்லை. செல்வநாயகி அதைக் கவனிக்கவில்லை. வண்டில் கோண்டாவிலைத் தாண்டுவதற்குள் மறுபடி தூங்கிப்போனாள்.

அவள் மறந்துபோனது ஒன்றுதான். அவளுடைய கணவன் சண்முகநாதன் மலாயாவில், ஈப்போ நகரத்தில், றெயில்வே கிளாக்கராக இருந்தான். இரண்டு முறை கர்ப்பம் கலைந்து அவள் மெலிந்து போனபோது, "ஊரிலை நிண்டு உடம்பைத் தேத்து, தங்கச்சியின்ரை கலியாணத்துக்கு நானும் லீவிலை வாறன்," என்று கப்பலேற்றி அனுப்பினான். அவன் வருமுன் யப்பான்காரன் மலாயாவுக்குள் வந்துவிட்டான். அதன் பிறகு ஒரு சொல்லும் வரவில்லை. இருக்கிறானா, இல்லையா என்று சொல்லவும் ஆளில்லை. இது மூன்றாம் வருசம்.

*

கோயில் கிணற்றடியில் அந்தப் பேச்சுக்குக் கால் முளைத்தது. நாகமுத்து முதலில் சொன்னது, செல்வநாயகி படத்தைப் பார்த்து இப்படிச் சொன்னாள் என்றுதான். அடுத்த வேலிக்குப் போகும்போது படம் கழன்று விழுந்துவிட்டது. அதற்கடுத்த வேலியில், "மூண்டு வருசம் பார்த்திட்டாளாம், இனித் தன்ரை பாட்டைப் பார்க்கப் போறாளாம்," என்றாகிவிட்டது. யாரோடு போகப்போகிறாள் என்பதற்கு மட்டும் இன்னும் பெயர் வைக்கவில்லை.

செல்வநாயகிக்கு முதலில் எதுவும் விளங்கவில்லை. சங்கக்கடையில் அவள் போய் நின்றால் பேச்சு நின்றது. ஒரு வெள்ளிக்கிழமை மாமி மீனாம்பிகை கோயிலால் வந்து, அவள் போட்டு வைத்த சாப்பாட்டைத் தொடாமல் எழும்பினாள். குசினியின் மற்ற மூலையில் மூன்று கல்லை வைத்துத் தனக்கென்று ஒரு சிறு சட்டியில் குரக்கன் கூழ் காய்ச்சிக் குடித்தாள். ஏச்சுப் பேச்சு ஒன்றும் இல்லை. மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும்.

குணலட்சுமிக்கு எல்லாம் தெரியும். வண்டிலில் தானும் சிரித்தவள் அவள். தாயிடம் சொன்னால் அந்தச் சிரிப்புக்கும் பதில் சொல்ல வேண்டும் என்ற பயத்தில் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் மாட்டுக் கொட்டிலுக்குள் வைத்துச் செல்வநாயகியிடம் சொல்லிவிட்டு அழுதாள்.

"ஏன் அழுறாய்? எனக்கு அழக்கூட நேரமில்லை," என்றாள் செல்வநாயகி. பால் செம்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

கதை தென்மராட்சிக்கும் போய்விட்டது. சாவகச்சேரியிலிருந்து அவளுடைய தமையன் சீவரத்தினம் வந்து, விறாந்தைக் கதிரையில் இருக்காமல் முற்றத்திலேயே நின்றான்.

"வெளிக்கிடு, போவம்."

"எங்கை அண்ணை?"

"வீட்டை. சனம் கண்டபடி கதைக்குது. மாமியும் உன்ரை கையாலை சாப்பிடுறேல்லையாம். இன்னும் என்னத்துக்கு இஞ்சை கிடக்கிறாய்?"

"நாளைக்குப் புகையிலைக்குத் தண்ணி முறை. நான் வந்தால் ஆர் இறைக்கிறது?"

"உனக்கு உந்தப் புகையிலைதான் பெரிசே?"

நான் அப்படிச் சொல்லவில்லை என்று சொல்லலாம். ஆனால் சொன்னது உண்மை. படத்தைப் பற்றித்தான் சொன்னேன் என்று சொல்லலாம்; அது முழு உண்மையா என்பது அவளுக்கே இப்போது தெரியவில்லை. இரவில் படுத்தால் கணவனுடைய முகம் முன்போல் வருவதில்லை. கழுத்தும் சட்டைக் கொலரும் வரும், முகம் வராது. அதை எந்த அண்ணனிடம் சொல்வது?

"தேத்தண்ணி வைக்கிறன், குடிச்சிட்டுப் போங்கோ," என்றாள். அவன் குடிக்காமலே போனான்.

அன்று மாலை மீனாம்பிகை தானாகவே வந்து குசினி வாசலில் நின்றாள். நெடுநெடுவென்று வளர்ந்த மனுசி. நடக்கும்போது ஒருபோதும் கூனியதில்லை.

"பிள்ளை, ஒரு கேள்வி கேக்கிறன். நீ அப்பிடிச் சொன்னனியோ, இல்லையோ?"

"சொன்னனான் மாமி. படத்திலை வந்த ராணியைப் பார்த்துச் சொன்னனான்."

"அப்பிடி என்ன படம் அது?"

செல்வநாயகி அடுப்பில் விறகைத் தள்ளினாள்.

"இன்னும் ஓடுதோ?"

"ஓடுதாம்."

"அப்ப நாளையிண்டைக்கு வெளிக்கிடு. நானும் பார்க்கப்போறன்," என்றாள் மீனாம்பிகை.

*

மீனாம்பிகை அதுவரை ஒரு படமும் பார்த்ததில்லை. பலாலி வீதியில் பஸ் ஏறிப் பட்டினத்துக்குப் போனார்கள். கொட்டகைக்குள் விளக்கை அணைத்ததும் மீனாம்பிகை மருமகளின் மணிக்கட்டைப் பிடித்தாள்; படம் முடியும்வரை விடவில்லை. ராணி யன்னலடியில் பாடினாள், தோழி அழுதாள், அரண்மனை யானை கண்ணீர் விட்டது. படப்பெட்டி நடுவில் ஒருமுறை நின்று சனம் கூச்சல் போட்டது. மீனாம்பிகை கல்லுப்போல இருந்தாள். ராசா திரும்பி வந்தபோது அவளுடைய நகம் செல்வநாயகியின் கையில் இறங்கியது.

திரும்பும்போது உரும்பிராய்ச் சந்தியில் இறங்கி ஒழுங்கையால் நடந்தார்கள். பாதி வழியில் மதகுக் கட்டைக் கண்டதும் மீனாம்பிகை நின்றாள்.

"கொஞ்சம் இருப்பம், பிள்ளை. கால் ஏலாது."

இருந்தார்கள். வெங்காயத் தோட்டத் தறைகளின் பக்கமிருந்து ஈரக் காற்று வந்தது.

"அந்த ராசாவுக்குத் தாய் இல்லையோ?" என்று கேட்டாள் மீனாம்பிகை.

"எனக்குத் தெரியேல்லை மாமி. நான் நடுவிலை நித்திரையாப் போனன். அண்டைக்கு."

"நான் நித்திரை கொள்ளேல்லை. கண் வெட்டாமல் பார்த்தனான். பெண்சாதி அழுகிறாள், தோழி அழுகிறாள், ஆனைகூட அழுகுது. பெத்தவள் ஒருத்தி எங்கையும் இல்லை. அவன் என்ன வானத்தாலை விழுந்தவனே? உந்தப் படம் எடுத்தவனுக்குத் தாய் இல்லைப்போலை."

மறுபடி அவளே சொன்னாள். "பதினாலு வருசத்துக்குப் பிறகு வாறான், தலையிலை ஒரு நரை இல்லை. அதெப்பிடி? என்ரை பிள்ளை வந்தால் அப்பிடியே வருவான்? வருவானோ எண்டதே..."

இந்த மூன்று வருசத்தில் அந்த வீட்டில் ஒருவரும் உரக்கச் சொல்லாத சொல் அது. செல்வநாயகி திரும்பிப் பார்த்தாள். மீனாம்பிகையின் முதுகு வளைந்திருந்தது.

"எனக்கும் ஏலாது பிள்ளை," என்றாள் அவள். "வருவான் வருவான் எண்டு சொல்லிச் சொல்லி என்ரை வாய் அலுத்துப் போச்சு. நீ சொன்னதைக் கேட்டு எனக்குக் கோவம் வந்தது. ஏன் வந்தது எண்டு சாமம் சாமமாய் யோசிச்சன். நான் சொல்லப் பயந்ததை நீ சிரிச்சுக்கொண்டு சொல்லிப்போட்டாய். அதுதான்."

"சிரிச்சுக்கொண்டு சொல்லேல்லை மாமி. அலுப்பிலை சொன்னனான்."

"ஓம். இப்ப விளங்குது."

ஒரு வண்டில் அவர்களைக் கடந்து போனது. வண்டில்காரன் உற்றுப் பார்த்துக்கொண்டே போனான். நாளைக்குக் கிணற்றடியில் இதுவும் கதையாகும் என்று செல்வநாயகி நினைத்தாள். அது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை.

"குணத்துக்கு வைகாசியிலை கலியாணத்தை வைப்பம்," என்றாள் மீனாம்பிகை திடீரென்று. "கோப்பாய் வாத்தியார் வீட்டார் எத்தினை தரம் கேட்டிட்டினம். தமையன் வரட்டும், தமையன் வரட்டும் எண்டு நான்தான் பிடிச்சு வைச்சிருந்தனான். இனி அவளையும் யன்னலடியிலை இருத்தேலாது."

"மாப்பிள்ளையின்ரை கால் கழுவ?"

"ஆழ்வாப்பிள்ளை கழுவட்டும். அவனும் அவளுக்குத் தமையன்தானே."

வீட்டுக்குப் போனதும் மீனாம்பிகை குசினி மூலையில் இருந்த மூன்று கல்லையும் காலால் ஒதுக்கிவிட்டு, பலகையைப் போட்டு உட்கார்ந்தாள். "என்ன கிடக்கு? போடு," என்றாள். மரவள்ளிக் கிழங்கும் சம்பலும்தான் இருந்தன.

*

கலியாணத்துக்கும் சனம் கதைத்தது. மூத்தவன் இருக்கிறானோ செத்தானோ தெரியாமல் தாய் மேளம் அடிக்கிறாள் என்று கதைத்தது. மேளம் அடிக்கவில்லை, ஒரு நாதஸ்வரம் மட்டும்தான். நாகமுத்து மணப்பெண்ணுக்குத் தலை பின்னிவிட வந்து, பின்னி முடிந்தும் எழும்பாமல் இருந்தாள்.

"மச்சாள், நான் அண்டைக்குச் சும்மா தான்..."

"அந்தப் பூவை எடுத்துத் தா," என்றாள் செல்வநாயகி. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

சண்டை முடிந்த செய்தி அடுத்த வருச ஆவணியில் வந்தது. மலாயாக்காரர் ஒவ்வொருவராக ஊர் வரத் தொடங்கினார்கள். வந்தவர்களிடம் மீனாம்பிகை போய்ப் போய்க் கேட்டாள். ஒருவர், அவனை யப்பான்காரர் சீயம் றெயில்பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள் என்றார். இன்னொருவர் அப்படி ஒருவரை அறியேன் என்றார். பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள்.

மாசி மாதத்தில் ஒரு மத்தியானம். மீனாம்பிகை, பிள்ளைப்பேற்றுக்கு நாள் நெருங்கிய மகளைப் பார்க்கக் கோப்பாய்க்குப் போயிருந்தாள். செல்வநாயகி தண்ணீர் முறையில் பாதி முடித்து, சேற்றுக் காலோடு வீட்டுக்கு வந்தாள். விறாந்தையில் ஒரு மனிதன் சுவரோரமாகச் சுருண்டு படுத்துக் கிடந்தான். தலை பாதி நரைத்திருந்தது. காலிரண்டும் வீங்கியிருந்தன. பக்கத்தில் ஒரு துணிப்பை. பிச்சைக்காரன் என்று நினைத்து எழுப்பப் போனவள், அருகில் குனிந்ததும் அப்படியே நின்றாள்.

எழுப்பவில்லை. படலைக்குப் போய், வீதியால் போன சைக்கிள்காரனிடம், "கோப்பாயிலை வாத்தியார் வீட்டிலை, எங்கடை மாமியிட்டை, மகன் வந்திட்டார் எண்டு சொல்லிவிடுங்கோ," என்றாள். அவளுடைய குரல் சாதாரணமாகவே இருந்தது. பிறகு கால் கழுவி, வீட்டில் இருந்த அரிசி முழுவதையும் உலையில் போட்டாள்.

சோறு வடிக்கும் வேளையில் அவன் எழும்பியிருந்தான். கோண்டாவில் ஸ்ரேசனில் இறங்கி நடந்து வந்ததாகச் சொன்னான். சொல்வதற்குள் மூச்சு வாங்கியது.

"எழுப்பியிருக்கலாமே, செல்வம்."

"நல்ல நித்திரை. அதுதான் விட்டனான். சாப்பிடுங்கோ."

அவன் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கையை எடுத்தான். "இப்ப சோறு இறங்குதில்லை. வயிறு பழகேல்லை," என்றான், குற்றம் செய்தவன் போல. அவள் சோற்றுக் கோப்பையை வாங்கி, சோற்றை மறுபடி சட்டியில் போட்டுத் தண்ணீர் விட்டு, குழையக் காய்ச்சி, உப்பும் கொஞ்சம் தேங்காய்ப்பாலும் விட்டுக் கொண்டுவந்தாள். அதை மெல்ல மெல்லக் குடித்தான்.

"குணத்துக்குக் கலியாணம்..?"

"முடிஞ்சுது. பிள்ளைப்பேறும் கிட்டுது. மாமி அங்கைதான் நிக்கிறா, ஆள் அனுப்பியிருக்கிறன்."

அவன் சுவரில் சாய்ந்து கண்ணை மூடினான். "அது நல்லது. அங்கை கிடக்கேக்கை அதுதான் பயம். என்னைப் பார்த்துக்கொண்டு அவளை வைச்சிருக்கிறியளோ எண்டு."

அவன் மறுபடி படுத்ததும் தலைக்கு ஒரு சேலையை மடித்து வைத்தாள். படலையடியில் நின்று வீதியைப் பார்த்தாள். வண்டில் ஒன்றையும் காணவில்லை. மாமி வந்து சேர இன்னும் நேரம் ஆகும். துலாவில் நிற்கும் கிழவர் வெயிலில் காத்திருப்பார். அவள் சேலைக் கொய்யகத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மிச்சப் பாத்திகளுக்குத் தண்ணீர் கட்டத் தோட்டத்துக்குப் போனாள்.