பூச்சிக்கடி

எனக்குப் பொறுமை கிடையாது. தல்லாகுளத்தில் டாக்டர் தேவசகாயத்தின் டிஸ்பென்சரிக்கு வருகிற எல்லோருக்கும் அது தெரியும். "ஜெயக்கொடிம்மா வாயில விழாதீங்க" என்று என் காதுபடவே பேசிக்கொள்வார்கள். பெண்கள் ஆம்பளைக் கம்பவுண்டரிடம் கையை நீட்ட மாட்டோம் என்றதால் டாக்டர் என்னைச் சேர்த்துக்கொண்டார். நாடி பார்ப்பது, ஜுரம் பார்ப்பது, ஊசியைக் கொதிக்க வைப்பது, புண்ணைக் கழுவிக் கட்டுவது எல்லாம் வந்துவிட்டது. வந்தவர்களில் யாரை முதலில் உள்ளே விடுவது என்பதும் என் பொறுப்புதான். வம்பெல்லாம் அதில்தான் வரும்.

அந்த ஐப்பசியில் வைகை கரை புரண்டு ஓடியது. பாலத்தில் ஆளையும் விடவில்லை, வண்டியையும் விடவில்லை. அப்போது பெரிய ஆஸ்பத்திரி அக்கரையில்தான்; அது இருந்தும் எங்களுக்கு இல்லாத மாதிரிதான். போதாக்குறைக்கு டாக்டர் ஏதோ விசாரணைக்குச் சாட்சி சொல்லக் கலெக்டர் கச்சேரிக்குப் போயிருந்தார். பாம்புக்கடிக்குப் போடுகிற மருந்து எங்கள் பெட்டியில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் இருந்தது.

முற்பகலில் சோணையம்மாள் தன் மகள் தங்கப்பொண்ணைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தாள். தாயும் மகளும் கண்மாய்க்கரை வயல்களில் கூலிக்குக் களையெடுக்கிறவர்கள். மகளின் கணுக்கால் வீங்கியிருந்தது. முழங்காலுக்குக் கீழே சேலைக் கிழிசலால் ஒரு கட்டு.

"என்ன ஆச்சு?"

"பூச்சி கடிச்சிருச்சும்மா. ஒண்ணுமில்ல, சின்னப் பூச்சிதான்."

எங்கள் பக்கத்தில் பாம்பைப் பாம்பு என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். அதுவும் கடிபட்டவர் காதில் அந்தப் பெயர் விழவே கூடாது. விழுந்தால் விஷம் தலைக்கு ஏறிவிடும் என்பார்கள். அதனால் பாம்பும் பூச்சி, பூரானும் பூச்சி, கட்டெறும்பும் பூச்சி. கேட்கிறவர்தான் பிரித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சோணையம்மாளைத் தனியே இழுத்துப்போய், "எந்தப் பூச்சி? ஒளறாமச் சொல்லு" என்றேன். அவள் மகள் இருந்த திசையைப் பார்த்துவிட்டு வலது கையை முழங்கையோடு உயர்த்தினாள். ஐந்து விரலையும் சேர்த்து லேசாக முன்னால் வளைத்தாள். படம் எடுத்த நல்ல பாம்பு.

டிஸ்பென்சரிக் காவல்காரன் சங்கிலியை டாக்டரிடம் ஓடச் சொன்னேன். அந்த மருந்தை டாக்டர்தான் போட வேண்டும். தங்கப்பொண்ணைப் பெஞ்சில் படுக்க வைத்து, கால் அசையாமல் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினேன். ஊசியை அடுப்பில் கொதிக்க வைத்தேன்.

நீர் கொதி வருவதற்குள் வாசலில் மாட்டுவண்டி வந்து நின்றது. அலறல் கேட்டது. அந்தக் குரலை எனக்குத் தொட்டிலிலிருந்தே தெரியும். என் கூடப்பிறந்த அண்ணன் விருமாண்டி. வண்டியோட்டி காளை என்பவனும் என் மதினி சீனியம்மாளும் அவரைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

"ஏத்தா ஜெயக்கொடி! ஒங்க அண்ணனைக் காப்பாத்து! படப்புல வைக்கோல் உருவப்போனாரு, பூச்சி கடிச்சிருச்சு!"

புறங்கையில் இரண்டு பல்தடம். சிவந்து தடித்திருந்தது. அண்ணனுக்கு வேர்வை ஆறாக ஓடியது. விரல்கள் மடங்கி இழுத்துக்கொண்டிருந்தன.

காளையை ஓரங்கட்டி, "நீ பாத்தியா?" என்றேன்.

"பூரான்தாம்மா. இம்புட்டு நீளம். நான்தான் மிதிச்சுக் கொன்னேன்."

"பொய் சொல்றான்! என்னையத் தேத்துறதுக்குச் சொல்றான்!" என்று அண்ணன் அங்கிருந்தே கத்தினார். "வழியெல்லாம் பூச்சிதான் பூச்சிதான்னு சொல்லிக்கிட்டே வாராங்க. எனக்குத் தெரியாதா? பாம்புன்னா பாம்புன்னு சொல்லுங்களேன்டா!"

இதுதான் எங்கள் ஊர்ச் சாமர்த்தியம். அமைதிப்படுத்த ஒரு சொல் வைத்திருக்கிறோம். அதைக் கேட்டாலே உயிர் போய்விடும். காளை உண்மையைத்தான் சொல்கிறானா, மதினி சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறானா? அவன் முகத்தைப் பார்த்தேன், மதினி முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் புரியவில்லை. இருவர், ஒரு மருந்து. வாய்ச்சொல்லை நம்பினால் ஒரு உயிர் போகும். உடம்பைத்தான் கேட்க வேண்டும்.

அண்ணன் கையைப் பிடித்தேன். நாடி குதிரை மாதிரி ஓடியது, ஆனால் திடமாக ஓடியது. குரல் கணீரென்று இருந்தது. தண்ணீர் கொடுத்தேன், மடக் மடக்கென்று குடித்தார். "மேல பாருண்ணே" என்றேன். கண்ணை உருட்டி விழித்தார்.

தங்கப்பொண்ணிடம் ஓடினேன். அவள் கத்தவில்லை. முனகவும் இல்லை.

"பாவம், தூங்குறா. வெள்ளனாவே வேலைக்குப் போனவ" என்றாள் சோணையம்மாள்.

"தங்கப்பொண்ணு, கண்ணத் தொற."

நெற்றியைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தாள். இமை பாதிக்கு மேல் எழவில்லை. பேரைக் கேட்டேன். நாக்கு தடித்துப்போய் ஏதோ குழறினாள். வாயில் விட்ட தண்ணீர் கடைவாய் வழியே வெளியே வந்துவிட்டது. அது தூக்கம் இல்லை, விஷம் ஏறுகிற அறிகுறி.

நான் பெட்டியிலிருந்து மருந்தை எடுத்து அவள் பெஞ்சுக்குப் பக்கத்தில் வைத்தேன். மதினி அதைப் பார்த்துவிட்டாள்.

"அங்க என்னத்துக்கு வைக்கிற? ஒங்க அண்ணன் இங்க கெடக்காரு!"

"மதினி, அந்தப் பிள்ளைக்குத்தான் மூச்சு அடைக்கிது."

"கூலிக்காரி மகளுக்கு நீ எடுத்து வைப்ப, ஒன்னையத் தோள்ல தூக்கி வளத்தவரு சாகணுமா?" அவள் பெஞ்சை நோக்கிப் பாய்ந்தாள். நான் குறுக்கே நின்றேன். என் தோளைப் பிடித்து உலுக்கினாள். சோணையம்மாள் எதுவும் கேட்கவில்லை. மகள் தலையை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிய வீட்டாரும் அவளும் ஒரே இடத்தில் நின்றால் யாருக்கு முதலில் கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பார்வைதான் என்னை வதைத்தது.

சேறும் சகதியுமாக டாக்டர் நுழைந்தார். இரண்டு பெஞ்சையும் பார்த்தார். எல்லோருக்கும் முன்னால் கேட்டார்.

"ஜெயக்கொடி, யாருக்கு?"

அண்ணன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் பிள்ளைக்குங்கய்யா. இமை தூக்கல. முழுங்க முடியல. பேச்சுக் கொழறுது."

டாக்டர் அவள் இமையை விரலால் தூக்கி விட்டார். அது தானாக விழுந்தது. ஊசியை எடுங்கள் என்று கையை நீட்டினார். நான் எடுத்துக் கொடுத்தேன். மதினி வாசலுக்கு ஓடி மண்ணை வாரித் தூற்றினாள். "நீ வெளங்குவியா? அண்ணனைக் கொன்னுட்டுச் சோறு தின்னுவியா?"

மருந்து இறங்கிக்கொண்டிருந்தபோது அண்ணனின் அலறல் நின்றுவிட்டது. அதுவரை அந்தச் சத்தம்தான் எனக்குத் தைரியம். கத்துகிறவருக்கு மூச்சு இருக்கிறது. இப்போது சத்தமே இல்லை. திரும்பிப் பார்க்கப் பயந்தேன். தங்கப்பொண்ணின் கையை அசையாமல் பிடிக்க வேண்டிய வேலை எனக்கு. விட்டுவிட்டு ஓட முடியாது. காளை சொன்னது பொய்யாக இருந்தால்? நான் பார்த்தது தப்பாக இருந்தால்? மாரியாத்தா, காப்பாத்து என்று உள்ளுக்குள் கதறினேன். நான் அப்படிக் கும்பிட்டது அன்றைக்குத்தான்.

ஊசியை உருவியதும் டாக்டர் அண்ணனிடம் போனார். கண்ணைப் பார்த்தார், கழுத்தைத் தூக்கச் சொன்னார், கைவீக்கத்தை அமுக்கினார். அண்ணன் "ஆ" என்றார்.

"பூரான்தான். வலிக்கும், ஆனா ஆளைக் கொல்லாது. பயத்துல மூச்சு வாங்கினதாலதான் விரல் இழுத்துக்கிச்சு. மூச்சை மெதுவா விடுங்க, தானா விரியும்."

காளை, "நான் அப்பவே சொன்னேன்ல" என்று முணுமுணுத்தான். யாரும் சிரிக்கவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் தங்கப்பொண்ணு கண்ணைத் திறந்து அம்மா என்றாள். தெளிவாகச் சொன்னாள். சோணையம்மாள் என் காலில் விழ வந்தாள். "எந்திரி, பிள்ளையப் பாரு" என்று அதட்டினேன். அதட்டாவிட்டால் அழுதிருப்பேன்.

அண்ணன் அதற்குள் எழுந்து உட்கார்ந்திருந்தார். கையில் நான் கட்டிய ஈரத்துணி. வண்டி பூட்டியாகிவிட்டது. வாசல்வரை போனவர் திரும்பி நின்றார்.

"ஆத்தா, ஒண்ணு கேக்கேன். என்னையக் கடிச்சதும் பாம்பாவே இருந்திருந்தா?"

"பூரான்தானேண்ணே. உடம்பு சொல்லுச்சுல்ல."

"அதைக் கேக்கல. பாம்பாவே இருந்து, அந்தப் பிள்ளைக்கு என்னையவிட மோசமா இருந்தா யாருக்குக் கொடுத்திருப்ப?"

பொய் சொல்லியிருக்கலாம். ஒரு பொய்யில் என்ன குடி முழுகிவிடப் போகிறது? ஆனால் நாள் முழுக்கப் பூச்சி பூச்சி என்று கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

"அவளுக்குத்தாண்ணே."

அண்ணன் தலையை ஆட்டினார். கோபப்படவில்லை. திட்டியிருந்தால்கூடப் பதிலுக்குப் பதில் பேசியிருப்பேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினார்.

தை பிறந்தது. கரும்பும் பச்சரிசியும் சேலையுமாகப் பிறந்த வீட்டுப் பொங்கல் சீர் வருகிற நாளில் நான் வாசலைவிட்டு நகரவில்லை. தெருவில் எல்லா வீட்டு அண்ணன் தம்பிகளும் வந்து போனார்கள். என் வீட்டுக்கு யாரும் வரவில்லை.